ஐந்நூறு பேருக்கு அப்புறம்

வீட்டில் அவளுக்கு ‘நோண்டி’ என்று பெயர். நன்றாக ஓடுகிற மிக்ஸியைக்கூட ‘உள்ளே என்னதான் இருக்கு’ என்று கழற்றிப் பார்ப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது? கணவர் ஸ்க்ரூடிரைவரை ஒளித்து வைத்துப் பார்த்தார். அவள் கத்தி முனையால் கழற்றினாள்.

ஆஸ்பத்திரியில் ஊழியர் பட்டியலை வைத்திருக்கும் டைரக்டரி சர்வர் அவள் பொறுப்பு. யார் யார் ஊழியர் என்று அது சொன்னால்தான் வாசல் கதவு திறக்கும். அவள் சேர்ந்ததிலிருந்தே, சர்வரை ஆரம்பிக்கும்போதெல்லாம் ‘செக்சம் பிழை’ என்று ஒரு முனகல். சர்வர் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் அமைப்புக் கோப்பின் தலையில் ‘செக்சம்’ என்று ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. கட்டளை கொடுத்து மாற்றினால் அந்த எண்ணும் தானே மாறிவிடும். கோப்பைத் திறந்து கையால் திருத்தினால் பொருந்தாது. ஆக, யாரோ கைவைத்திருக்கிறார்கள். யார்? எதற்கு? அவளுக்கு மண்டை குடைந்தது.

மேனேஜருக்கு அந்தக் குடைச்சலெல்லாம் இல்லை. “சாயங்காலத்துக்குள்ள பிழை போகணும். இல்லன்னா வெளியாளுங்ககிட்ட குடுத்துடுவேன். நீங்க இன்னும் நிரந்தரம் ஆகல, ஞாபகம் இருக்கட்டும்.”

யாரும் கைவைக்காத பழைய நகலை எடுத்து அந்தக் கோப்பின் இடத்தில் அப்படியே போட்டாள். முனகல் நின்றது. நிம்மதியாக டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை. வெளியே ஒரு நர்சும் துப்புரவுப் பெண்ணும் அடையாள அட்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அந்த மிஷினைப் பாத்துக்கிறதே நீங்கதானேம்மா? உங்களையே யாருன்னு கேக்குது!”

வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குள் பெரிய டாக்டர் அட்டையைக் காட்ட, கதவு மரியாதையாகத் திறந்தது. அதெப்படி?

“நீங்கல்லாம் எப்ப சேந்தீங்க?” என்று மற்ற இருவரையும் கேட்டாள். அவளைப் போலவே எல்லாரும் புதுசு.

டாக்டரோடு உள்ளே நுழைந்து, இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு வரி வித்தியாசம். பழையதில், கதவு பட்டியல் கேட்டால் ஐந்நூறு பெயருக்கு மேல் தராதே என்றிருந்தது. கடைசியில் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் வெட்டுப்பட்டிருந்தார்கள். கையால் திருத்தியதில் அந்த வரம்பே இல்லை. இந்த முறை கட்டளை கொடுத்தே வரம்பை எடுத்தாள். எண் தானே மாறியது. சர்வர் முனகாமல் எழுந்தது, கதவும் திறந்தது. மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனாலும் குடைச்சல் தீரவில்லை. தனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவருக்கு போன் போட்டாள்.

“ஏண்ணே, கட்டளை குடுத்தே மாத்தியிருக்கலாமே?”

“அதுக்கெங்கம்மா நேரம்? உன் முதல் நாள் அது. கதவு திறக்கலன்னதும், வேலை இல்லன்னுட்டாங்களோன்னு திரும்பிப் போகப் பாத்த. கண்ணாடி வழியாப் பாத்துட்டு அவசரமா கையாலயே திருத்திட்டேன்.”

அன்று கதவு தானாகத் திறந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.