சுவரைப் பார்த்து வைத்த படம்

நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச ஆரம்பித்தால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கணவரின் அக்காவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அண்ணி என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லையா என்றால், நிறைய வந்திருக்கிறது. பெரும்பாலும் படுக்கை விரிப்புகளுக்காக.

அண்ணிக்குச் சலவைக் கடையில் வேலை. கடையின் பின்பக்கம் ஜன்னலோரமாக ஒரு மேசை. அதன்மேல் வரிசையாகப் புட்டிகள், பஞ்சு, மழுங்கிய கத்தி ஒன்று, பல் துலக்கும் பிரஷ் ஒன்று. கறை படிந்த துணியெல்லாம் முதலில் அந்த மேசைக்குத்தான் வரும். மை, எண்ணெய், ரத்தம், துரு, இன்னதென்றே தெரியாதவை எல்லாவற்றையும் எடுப்பார். ஆனால் எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். கறை பார்க்க நன்றாக இருந்தால், சட்டை மடிக்க வைக்கிற அட்டையை எடுத்து அதில் அந்தக் கறையை அப்படியே வரைந்துவிடுவார். பிறகுதான் துணியில் கை வைப்பார். கடை முதலாளி முதலில் முறைத்தார், அப்புறம் பழகிவிட்டார், கடைசியில் அவரே "இதப் பாரும்மா, இது நல்லாருக்கு" என்று துணியை நீட்டும் அளவுக்கு வந்துவிட்டார். அந்த அட்டைகள் எங்கள் அலமாரிக்கு மேலே கட்டுக் கட்டாக இருக்கின்றன. யாரோ ஒருவரின் பாக்கெட்டில் பேனா ஒழுகிய கறை, கூட்டமாகப் பறவைகள் எழுந்து போவது மாதிரி இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அதோடு நின்றிருந்தால் என் விரிப்புகள் பிழைத்திருக்கும். ஒருமுறை பழைய ஆணிகளை வினிகரில் நனைத்து, வெள்ளை விரிப்பில் சுருட்டிக் கட்டி, குளியலறை வாளியில் ஊறப்போட்டுவிட்டார். துரு எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். இன்னொரு முறை தேய்ப்புப் பெட்டியின் சூட்டைக் கூட்டிக் கூட்டிக் காகிதத்தில் வைத்து, மஞ்சளிலிருந்து கறுப்பு வரைக்கும் அத்தனை பழுப்பையும் கொண்டுவந்தார். வீடு முழுக்கப் புகை. அவர் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், ஓடி வந்து மின்சாரத்தை நிறுத்தினார். "இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா நல்ல கறுப்பு வந்திருக்கும்டா" என்று அண்ணி வருத்தப்பட்டார். பத்தில் ஒன்பது சோதனைகள் பாழாகும். அதற்காக ஒரு நாளும் முகம் வாடியதில்லை. பாழானதை எடுத்து வைத்துக்கொண்டு ஏன் பாழானது என்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கெல்லாம் சாதம் குழைந்தாலே அன்றைக்குப் பொழுது போச்சு.

இப்படிப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். அண்ணியோடு சேர்ந்து மொத்தம் நாலு பேர். தையல்காரம்மா ஒருவர், அவர் கடைக்கு மேலே காலியாக இருந்த அறைதான் இவர்கள் கூடும் இடம். பொய்ப்பல் செய்கிற பல்லுக்காரர் ஒருவர்; பல் அச்சு எடுக்கும் மாவில் கட்டைவிரல் உயரத்துக்கு மனிதர்களைச் செய்வார். நாலாவது ஆள் ஸ்டுடியோக்காரர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் படம் பிடித்த மனிதர், ஞாயிற்றுக்கிழமையானால் எண்ணெய் வண்ணத்தில் இறங்கிவிடுவார். நால்வரில் கை தேர்ந்தவர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அண்ணி படத்தைப் பார்த்து அவர் ஒரு 'ம்' போட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் சமையல் அண்ணிதான்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. துணி கட்டிய சட்டம் சும்மா கிடைப்பதில்லை அல்லவா? அதனால் ஒருவர் தன் படம் தேறாது என்று முடிவு செய்தால், அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார். அப்படித் திருப்பி வைத்த படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து, மேலே வெள்ளை பூசித் தன் படத்தை ஆரம்பிக்கலாம். ஏன் விட்டாய் என்று கேட்கக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறது என்று சமாதானமும் சொல்லக் கூடாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே ஸ்டுடியோக்காரர்தான். தோற்றுப்போனவனைத் தேற்றுகிறேன் என்று உயிரை வாங்கக் கூடாது என்பார்.

அவர் அப்போது தன் மனைவியை வரைந்துகொண்டிருந்தார். ஸ்டுடியோவில் வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியை அந்த அறைக்கே தூக்கிவந்திருந்தார். அதில் அந்த அம்மா, மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, எப்போது விடுவார் என்ற அலுப்போடு உட்கார்ந்திருக்கிறார். வாரக்கணக்காக உட்கார்ந்தார் பாவம். இடுப்பு போச்சு, இனி சாமியே வந்து கேட்டாலும் உட்கார மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரிலிருக்கும் மகள் வரச் சொல்ல, ஸ்டுடியோக்காரர் அவசர அவசரமாகக் கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் அண்ணிக்குப் பெரிய சட்டம் ஒன்று தேவைப்பட்டது. அறையில் அந்தப் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திருப்பிப் பார்த்தார். மனசு கேட்கவில்லையாம். இவ்வளவு நன்றாக வந்ததை ஏன் விட்டார் என்று வெகு நேரம் நின்றாராம். ஆனால் வழக்கம் வழக்கம்தான். வீட்டுச் சுவருக்கு அடித்தது போக மீதியிருந்த வெள்ளையைக் கரைத்து, முதலில் ஒரு பூச்சு, காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு அடித்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் செய்தி வந்தது. மகள் வீட்டிலேயே ஸ்டுடியோக்காரருக்குப் பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு குழறுகிறது, வலது கை மட்டும் வரவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது அந்தப் படத்தைத்தானாம். அவர் மனைவி தையல்காரம்மாவுக்குப் போன் செய்தார். ஈரம் காயவில்லை, தூசி படிந்துவிடும் என்று சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாராம். யாரிடமும் சொல்ல நேரமில்லையாம். அவர் கையால் போட்ட கடைசிப் படம், பத்திரமாகக் கொண்டுவந்து கொடுங்கள் என்று அழுதாராம்.

தையல்காரம்மா வந்து இதைச் சொன்னபோது அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். மழையில் அறை ஒழுகிப் படம் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம், உடம்பு சரியில்லாத மனிதருக்கு உண்மை எதற்கு என்றேன். அதில் தப்பு இருப்பதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு படத்த அழிச்சது மழை இல்ல, நான். நான்தான் போய்ச் சொல்லணும். நீ கூட வா, தனியாப் போக பயமா இருக்கு."

வெள்ளைச் சட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனோம். ஸ்டுடியோக்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வலது கை தலையணை மேல் கிடந்தது. அண்ணி எதையும் மூடி மறைக்கவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. துணியைப் பிரித்து அவர் முன்னால் நிறுத்தி, நான்தான் பூசினேன் என்றார். அவர் மனைவி வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொல்லட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அந்த வெள்ளைக்கு அடியில் இருந்தது அந்த அம்மாவின் முகம் அல்லவா? இனி இவரால் இன்னொன்று போட முடியுமா, போச்சே, எல்லாம் போச்சே என்றார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஸ்டுடியோக்காரர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துப் பேசினார்.

"சுவத்தப் பாத்து வெச்சது நான்தானே. உன்ன என்ன சொல்றது?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பூச்சு கேவலமா இருக்கு. திட்டுத் திட்டா" என்றார்.

அதைக் கேட்டதும் அண்ணி சட்டென்று குனிந்து படத்தில் கை வைத்துத் தடவினார். உண்மையிலேயே திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. எண்ணெய் வண்ணத்தின் மேல் தண்ணீரில் கரைத்த சுவர் வண்ணம் சரியாகப் பிடிக்கவில்லை. ஓர் ஓரத்தை நகத்தால் கீறினார், தோல் உரிவது மாதிரி லேசாகத் தூக்கிக்கொண்டது. "அண்ணே, இது எடுக்கலாம்போல இருக்கு. உறுதியாச் சொல்ல மாட்டேன். உங்க வண்ணமும் கூட வந்துடலாம். நீங்க சொன்னாத்தான் தொடுவேன்" என்றார். அவர் இடது கையை அசைத்து, செய் என்றார்.

அன்றிலிருந்து கடை முடிந்ததும் அண்ணி நேராக அவர் வீட்டுக்குப் போய்விடுவார். நானும் பல நாள் துணைக்குப் போனேன். வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைப்பார், வெள்ளை ஊறிக் கிளம்பும், பஞ்சை உருட்டி உருட்டி ஒற்றி எடுப்பார். உள்ளங்கை அகலம் வருவதற்குள் மாலை முடிந்துவிடும். நான் அவர் செய்ததில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், இவ்வளவு பொறுமையை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஸ்டுடியோக்காரர் பக்கத்திலேயே இருந்து, அங்கே அழுத்தாதே, அது மெல்லிசாகப் போட்ட இடம் என்று குழறிக் குழறிச் சொல்வார். முதலில் முக்காலியின் கால் வந்தது. பிறகு தோள். அவர் மனைவி அடுக்களையை விட்டு வெளியே வரவே மாட்டார். எங்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

முகம் வந்த அன்று பல்லுக்காரரும் தையல்காரம்மாவும் இருந்தார்கள். நெற்றியில் துளி வண்ணம் போயிருந்தது, மற்றபடி அந்த அலுப்பு அப்படியே இருந்தது. பல்லுக்காரர் அடுக்களை வாசலில் போய் நின்று, "வந்து பாருங்க, கோபம்கூட அழியல" என்றார். அந்த அம்மா வந்து பார்த்தார். உள்ளே போனவர், எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். அண்ணி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது மடி மட்டும். அந்த இடத்தில் வெள்ளை நன்றாகப் பிடித்திருந்தது. அண்ணி ஈரத்துணியைப் போட்டு, பஞ்சை எடுத்துக் குனிந்தார். ஸ்டுடியோக்காரர் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அத எடுக்காத."

"இன்னும் ரெண்டு நாள்ல வந்துடும்ண்ணே. நான் பாத்துக்கறேன்."

"வரும். வந்தாலும் அது தப்பு. கை ரெண்டும் எனக்குச் சரியா வரல. மறுபடி போடணும்."

அந்தப் படத்தைக் கடைசிப் படம் என்றுதான் அதுவரை நாங்கள் அத்தனை பேரும் சொல்லிக்கொண்டிருந்தோம், அவர் காதுபடவே. அண்ணி பஞ்சைக் கீழே வைத்தார். பையைத் துழாவித் தன் தூரிகை ஒன்றை எடுத்து அவர் இடது கையில் கொடுத்தார். எப்படிப் பிடிப்பது என்று அவர் கைக்குத் தெரியவில்லை. விரல்களிலிருந்து அது இரண்டு முறை நழுவியது, இரண்டு முறையும் அண்ணி எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது முறை நின்றது.

அவர் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். அவற்றை அப்படியே கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.