கடமான் பிடித்த கம்பவுண்டர்

பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் தீர்த்தகிரி கம்பவுண்டரைச் சைக்கிளில்தான் பார்த்துப் பழகியிருந்தார்கள். யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம் அவர் திடீரென்று நடக்கத் தொடங்கியதும் ஊருக்கு உறக்கம் போயிற்று. சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டார் என்றது ஒரு கட்சி. அரூரில் ஒருத்தியை வைத்திருக்கிறார், சைக்கிள் அவள் வீட்டு வாசலில் நிற்கிறது என்றது இன்னொரு கட்சி. அவர் தோளில் ஒரு கறுப்புத் தோல் பை தொங்குவதையும், அதோடு ஞாயிறுதோறும் சித்தேரி மலை ஏறுவதையும் பார்த்தபின் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்தன. மருந்து கலக்கத் தெரிந்த ஆள். பையில் இருப்பது விஷம். சுனைத் தண்ணீரில் கலந்து மானை மயக்கிப் பிடிக்கிறார்.

சைக்கிள் தர்மபுரியில் கவுஸ் பாஷாவின் கடையில் நின்றது. பையில் இருந்தது கேமரா.

ஆஸ்பத்திரி டாக்டர் படித்துவிட்டுப் போடும் இங்கிலீஷ் வாரப் பத்திரிகைகளை மருந்துப் பொட்டலம் மடிக்கக் கிழிப்பது தீர்த்தகிரியின் வேலைகளில் ஒன்று. கிழிப்பதற்கு முன் படம் பார்ப்பார். சிறுத்தையின் கழுத்தில் பூட்ஸ் காலை வைத்து நிற்கும் துரை. வரிசையாகக் கிடத்திய மான்களுக்குப் பின்னால் மீசை முறுக்கிய ஜமீன்தார். எத்தனையோ இதழ்களில் உயிரோடு நிற்கும் ஒரு விலங்கை அவர் பார்க்கவில்லை. இந்த நாட்டில் ஒரு மான் படத்தில் வரவேண்டுமென்றால் முதலில் அது சாக வேண்டியிருந்தது. சாகடித்தவருக்குப் பெயர் வீரர். பசிக்கு முயலுக்குக் கண்ணி வைத்த மலைக்காரனுக்குப் பெயர் திருடன். இரண்டையும் எழுதி வைத்தது ஒரே சட்டம்.

உயிருள்ள மான் ஒன்றையாவது படத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம் பிறந்தது அப்படித்தான்.

கவுஸ் பாஷா பழைய சாமான் வியாபாரி. சீமைக்குத் திரும்பும் துரைமார் வீட்டு ஏலத்தில் நாற்காலி, பீங்கான், தொப்பி எல்லாம் எடுப்பார். அப்படி வந்து சேர்ந்த கேமரா அது. மூடினால் ஒரு புத்தகத்தின் அளவு. திறந்தால் ஆர்மோனியத் துருத்திபோல முன்னால் நீளும்.

"திருட்டுச் சாமான் இல்லையே பாய்?" என்றார் தீர்த்தகிரி.

"நீங்க மாத்திக்கக் கொண்டாந்த சைக்கிள் உங்களுதுதானுங்களே?"

"இது என்ன கேள்வி?"

"அதேதாங்க நானும் கேக்கறேன்."

தீர்த்தகிரியின் சந்தேகம் அதோடு அடங்கவில்லை. துருத்தியில் ஓட்டை இருந்தால் வெளிச்சம் புகுந்து படம் கெட்டுவிடும் என்று படித்திருந்தார். தலையோடு ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, கேமராவுக்குள் டார்ச்சு விளக்கைக் காட்டி மூலை மூலையாகத் தேடினார். கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. "பாய், கம்பவுண்டரு உள்ள யாருக்குப் பிரசவம் பாக்கறாரு?" என்று ஒருவன் கேட்டான். ஓட்டை இல்லை. சைக்கிள் கை மாறியது.

வீட்டில் அவர் மனைவி சின்னபொண்ணு கேமராவைத் தொடக்கூட இல்லை. "பாம்பு படம் எடுக்குதுன்னா அதுக்கு வெசம் இருக்குது. உங்களுக்கு இன்னா இருக்குது?" என்று கேட்டதோடு சரி.

சேலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் படம் கழுவும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். இருட்டறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு பிலிம் சுருளை ஒரு மருந்தில் கழுவ வேண்டும். பிறகு ஹைப்போ என்ற உப்பைக் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். மருந்து கலப்பதே பிழைப்பாக இருந்தவருக்கு அது கஷ்டமாக இல்லை. கஷ்டமெல்லாம் மானிடம் இருந்தது. மனிதர்களைவிட அதற்குச் சந்தேகம் அதிகம்.

மலையில் வழி காட்டியவன் காளியன். சித்தேரியில் சாமை விதைப்பவன். கால் புண்ணுக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்கு வந்துபோன பழக்கம்.

"இதுல மானை மட்டுந்தான புடிப்பீங்க?" என்று முதல் நாளே கேட்டான்.

"உன்னையும் ஒண்ணு புடிக்கலாம் காளியண்ணா."

"வேணாங்க. எங்கப்பன் காலத்துல மூணு காலுப் பொட்டிய நட்டுவெச்சு ஒருத்தரு ஒத்தக் கண்ணால பாத்தாருங்க. பாத்துட்டுப் பேசாம எறங்கிப் போயிட்டாரு. அடுத்த வருசம் அந்தக் காடு எங்களுது இல்லன்னுட்டாங்க. பொட்டிக்குள்ள போனது திரும்பாதுங்க."

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நடுங்குகிறவர்களை நாம் கேலி செய்யலாம், செய்யவும் வேண்டும். காளியனின் பயம் அந்த வகை அல்ல. சர்வே செய்ய வந்தவரை அவன் குடும்பம் பார்த்திருக்கிறது, அதற்குப் பின் நடந்ததையும் பார்த்திருக்கிறது. மந்திரித்து இறக்குகிற பயம் அல்ல அது, அனுபவம். தீர்த்தகிரி அவன் பக்கம் கேமராவைத் திருப்பவேயில்லை.

பல ஞாயிறுகள் வீணாகி, பங்குனியில் ஒரு காலையில் அது நடந்தது. சுனைக்கு மேலே பாறை மறைவில் இருவரும் படுத்திருந்தார்கள். கொம்புள்ள கடமான் ஒன்று தனியாக வந்து குடித்தது. ஏதோ சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியது. வெயில் அதன் விலாவில் விழுந்தது. தீர்த்தகிரி விசையை அழுத்தினார். அந்தச் சின்னச் சத்தத்துக்கே மான் புதருக்குள் போய்விட்டது.

இறங்கி வந்ததும் காளியன் நெல்லிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போனான். தீர்த்தகிரி நேரே மாதப்பனின் காப்பிக் கடைக்குப் போனார். சந்தோஷத்தில் குரல் ஓங்கியிருந்தது.

"கடமான் ஒண்ணு புடிச்சுட்டேன் மாதப்பா."

"உசுரோடவா?"

"உசுரோடதான். நல்ல கொம்பு. வூட்டுக்குப் போயி கழுவணும்."

"கழுவி?"

"உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, கொடியில தொங்கவுட்டுக் காயவெச்சுட்டா வருசக்கணக்கா கெடாது."

"நமக்கும் ஒரு துண்டு ஒதுக்குங்க."

"துண்டு எதுக்கு? முழுசாவே தரேன். எத்தன காப்பி வேணும்னாலும் போடலாம்."

இந்தக் கடைசிப் பேச்சு மட்டும் மாதப்பனுக்கு விளங்கவில்லை. காப்பி போடுவது அவருடைய வேலையல்லவா?

பின் பெஞ்சில் இருந்த பாரஸ்ட் கார்டு மாதேஸ்வரனுக்கு எல்லாமே விளங்கிவிட்டது. அவர் பார்த்திருந்த கேமரா ஸ்டூடியோவில் மூன்று காலில் நிற்பது, கறுப்புத் துணி போர்த்தியது. தோளில் தொங்கும் பைக்குள் ஒன்று அடங்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பிடித்தாயிற்று, கழுவி உப்புக்கண்டம் போடப் போகிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பாதித் தோசையை விட்டு எழுந்து முதலில் சந்தைக்குப் போனார்.

"மான் புடிச்சது யாருடா?"

"கம்பவுண்டரய்யாதாங்க. நான் எடம் காட்னேன்," என்றான் காளியன்.

அவன் சொன்னது முழு உண்மை. அந்த உண்மைக்காக நெல்லிக்காய் மூட்டையின் கயிற்றாலேயே அவன் கைகளைக் கட்டி ரேஞ்சர் ஆபீசில் உட்கார வைத்தார்கள்.

மாதேஸ்வரன் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்தபோது உச்சிப்பொழுது. சின்னபொண்ணு வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பவுண்டரு எங்க?"

"உள்ள."

"இன்னா பண்றாரு?"

"கழுவறாரு."

"எத?"

"மானைத்தான். குடிச்ச லோட்டாவக் கழுவாத ஆம்பளை, காலையிலிருந்து அதத்தான் கழுவறேன் கழுவறேன்னு குதிச்சுட்டிருந்தாரு."

மாதேஸ்வரன் தானிய அறையின் கதவைத் தட்டினார். ஜன்னல் இல்லாத அறை அது. கதவிடுக்கில் கம்பளி செருகியிருந்தது.

"யாரா இருந்தாலும் தொறக்காதீங்க. எல்லாம் கெட்டுடும்," என்றது உள்ளிருந்து குரல்.

"கெட்டுத்தான் போச்சு. காளியன் ஒத்துக்கிட்டான். கட்டி ஒக்கார வெச்சிருக்குது. வெளிய வாங்க."

உள்ளே கிண்ணத்தில் அப்போதுதான் கொம்பு தெரியத் தொடங்கியிருந்தது. இப்போது கதவு திறந்தால் சுருள் முழுக்கக் கறுத்துப் போகும். மானைப் படம்தான் பிடித்தோம் என்பதற்குக் காளியனிடம் வாய்ச்சொல் தவிர வேறொன்றும் இருக்காது. மலைக்காரன் வாய்ச்சொல்லுக்கு ரேஞ்சர் ஆபீசில் என்ன மதிப்பு என்று தீர்த்தகிரிக்குத் தெரியும்.

"சின்னபொண்ணு, நான் சொல்ற வரைக்கும் அவர உள்ள வுடாத. காளியண்ணன் உசுரு இதுல இருக்குது."

அந்தப் பெட்டியை வீட்டில் வைப்பதே பிடிக்காதவள் அவள். முறத்தோடு எழுந்து வந்து, அறையின் நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"எந்திரிம்மா."

"மாட்டேன். பொம்பள மேல கால் பட தாண்டறதுன்னா தாண்டுங்க. அப்பறம் சந்தையில எப்பிடி நடக்கறீங்கன்னு நான் பாக்கறேன்."

மாதேஸ்வரன் தாண்டவில்லை. உள்ளே உப்புக் கரைசலில் படம் நிலைத்தபின் தீர்த்தகிரி ஈரச் சுருளோடு வெளியே வந்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுத்த வெயிலில் வெள்ளை மான் நின்றது.

"இது இன்னா மாந்திரீகம்?"

"காகிதத்துல போட்டா நெறம் சரியாயிடும் கார்டு."

மாதேஸ்வரன் நம்பவில்லை. அறைக்குள் புகுந்து பானை பானையாகக் கவிழ்த்தார். உப்புக் கிண்ணத்தில் விரல் விட்டு நக்கிப் பார்த்துத் துப்பினார்.

"எறச்சி எங்க?"

"மலை மேல மேஞ்சுட்டிருக்குது."

சுருள் காய்ந்ததும் மாதேஸ்வரன் தீர்த்தகிரியைச் சுருளும் பையுமாக ரேஞ்சர் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். ரேஞ்சர் படித்தவர். அவர் நாற்காலிக்கு மேலே சுவரில், செத்த கரடியின் மேல் அவர் காலை வைத்திருக்கும் படம் ஒன்று தொங்கியது. சுருளை ஜன்னலில் பிடித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார். காளியனின் கட்டை அவிழ்க்கச் சொல்லப் போகிறார் என்று தீர்த்தகிரி நினைத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ரேஞ்சர் மறுபடியும் சுருளைத் தூக்கி, மான் இல்லாத கட்டங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். புதர், பாறை, மங்கலாய்ப் போன ஏதோ ஒன்று.

"வேற சுருள் எங்க?"

"இல்லீங்க."

"தெற்குச் சரிவுப் பக்கம் போனீங்களா?"

"இல்லீங்க. சுனையோட திரும்பிட்டோம்."

"அங்க எதையாவது எடுத்தீங்களா?"

"போகவே இல்லைங்களே."

வேட்டை நடக்கவில்லை என்பதை ஒரு நொடியில் நம்பிய மனிதர், தெற்குச் சரிவுக்கு யாரும் போகவில்லை என்பதைக் கடைசிவரை நம்பவில்லை. கேமராவைத் திறந்து காட்டச் சொன்னார். பையை உதறச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அனுமதி இல்லாம காட்டுக்குள்ள நுழைஞ்சதுக்கு ரெண்டு பேர் மேலயும் கேஸ் எழுதலாம். உங்களுக்கு அபராதம். இவனுக்கு ஜெயில். வேண்டாம்னா சுருளை வெச்சுட்டு இவனக் கூட்டிட்டுப் போங்க."

ஒரே குற்றத்துக்கு ஆளைப் பார்த்து இரண்டு தண்டனை. தீர்த்தகிரி வாதாட வாயெடுத்தார். கயிறு பதிந்து வீங்கிப்போன காளியனின் மணிக்கட்டு கண்ணில் பட்டது. சுருளை மேசைமேல் வைத்தார்.

ரேஞ்சர் தீக்குச்சி கிழித்தார். பிலிம் காகிதத்தைவிட வேகமாக எரியும். கொம்பு, விலா, சுனை எல்லாம் ஒரே மூச்சில் போயிற்று.

இருவரும் வெளியே வந்து நடந்தார்கள். புளிய மரத்தடியில் காளியன் நின்று கையைத் தேய்த்துக்கொண்டான்.

"தெக்குச் சரிவுக்கு நாம போவவே இல்லீங்களே."

"இல்ல."

"அங்க இன்னா இருக்குதுன்னு அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். எங்க பேச்ச எவன் எடுத்துக்கறான்?" பையைப் பார்த்தான். "வாங்க, எடம் காட்டறேன்."

தீர்த்தகிரி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். சர்க்கார் வேலை, மாற்றலில் கண்காணாத ஊருக்குத் தூக்கியடித்தால் கேட்க ஆளில்லை. அவர் தைரியசாலி அல்ல. சில வாரங்கள் மலைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. பிறகு சேலத்துக்குப் போய்ச் சுருள் வாங்கி வந்தார்.

தெற்குச் சரிவு நெடுக, தரையோடு அறுத்த சந்தன மரங்களின் அடிக்கட்டைகள் தழை போட்டு மறைக்கப்பட்டுக் கிடந்தன. காளியன் தழையை விலக்கிக்கொண்டே முன்னால் போனான். தீர்த்தகிரி ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே பின்னால் போனார். அன்று கடமான் எதுவும் குறுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் அதற்காக ஒரு கட்டத்தைச் செலவழித்திருக்க மாட்டார்.