மொட்டை ரயர் நாலும் முல்லைத்தீவுப் பயணமும்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளிநொச்சியில் லொறியை எடுத்தேன். ஓட்டியது நான்தான். அறுபத்தொன்பது வயதில் இன்னும் கண்ணாடி போடாமல் ஏ9 வீதியில் லொறி ஓட்டுகிறவன் இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பின்தட்டில், கயிறு போட்டு இறுக்கிய ஒரு சிவப்புக் கார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய யப்பான் பந்தயக் கார். அது என் மகன் சுகந்தனுடையது. பத்தொன்பது வருடமாகச் சுவிசில் இருக்கிறவன், ஒரு மாத லீவில் வந்து கொழும்பில் அதை வாங்கியிருந்தான். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தனியார் காணிக்குள் அரை மைல் நீளத்துக்குத் தார் போட்டு, சனிக்கிழமை காலை கார் ஓட்டப் போட்டி வைத்தார்கள். அதற்குத்தான் பயணம்.

காருக்குப் பந்தய ரயர் இல்லை. முதல்நாள் என் கடைக்கு வந்து, "அப்பா, என்ன ரயர் எடுப்பம்?" என்று கேட்டான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. என் வாழ்க்கையில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. படிப்பைப் பற்றியோ போற நாட்டைப் பற்றியோ கட்டின பெண்ணைப் பற்றியோ என்னிடம் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் என்ன கேட்கிறது என்று நினைத்திருப்பான். ஆனால் ரயர் என்றால் என்னிடம்தான் வரவேண்டும். சைக்கிள் ஒட்டுப்போட ஒரு தகரக் கொட்டில் போட்டுத் தொடங்கி, இன்று ஆறு லொறியும் ரயர்க்கடையும் வைத்திருக்கிறேன். இரவு நித்திரை வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லோரையும் போல நானும் நிறுத்தித் தேங்காய் உடைத்தேன். மகன் இறங்கவில்லை. கச்சான் கடலை மட்டும் வாங்கி வரச் சொன்னான். மாங்குளத்தில் தேநீர் குடித்தோம். ஒன்று நூறு ரூபாய். தண்ணீர் மாதிரி இருந்தது.

வவுனியாவுக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கிளிநொச்சியில் இருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். கொழும்பில் பந்தயம் ஓடுகிறவர்கள் ஒருதரம் இரண்டுதரம் ஓடிவிட்டுக் கழிக்கிற ரயர்களை ஹமீது நானா அங்கே வாங்கி விற்கிறார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவில் இருந்து ஒரு சாரத்தோடு போய், புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து கடை போட்டவர். எனக்குச் சமமாகக் கதைக்கக்கூடிய ஒரு மனிதர்.

"வாங்கோ முதலாளி. மகனுக்கு மொட்டை ரயர் வாங்க வந்தீங்களா?" என்று சிரித்தார்.

பந்தய ரயரில் பட்டி இருக்காது. வெட்டு, கோடு ஒன்றுமில்லாமல் வழவழவென்று இருக்கும். புது ரயரே மொட்டைதான். றோட்டில் முழுவதும் ரப்பர் படவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். மழை வந்தால் உதவாது. வெயிலில் அதைவிட ஒட்டுகிற ரயர் கிடையாது.

நானா இரண்டு அளவில் ரயர் காட்டினார். ஒன்றில் 200/580R15, மற்றதில் 225/605R15 என்று போட்டிருந்தது. வீதி ரயரில் நடு எண் அகலத்தில் எத்தனை வீதம் உயரம் என்று சொல்லும். பந்தய ரயரில் அது ரயரின் முழு உயரம், மில்லிமீற்றரில். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தவுடன் பிடித்துவிட்டேன். மகனுக்கு அகலமானது வேண்டும்.

"அகலம் கூடினா நல்லாப் பிடிக்கும் அப்பா."

"பிடிக்கும். பாரமான காரெண்டா. உன்ர காருக்குப் பாரம் எங்க கிடக்குது? சூடேறாமலே ஓட்டம் முடிஞ்சிடும். உயரமும் கூட. திருப்பேக்குள்ள மட்காட்டில உரஞ்சும்."

காரின் மட்காட்டுக்குள் கையை விட்டு, இடைவெளி இரண்டு விரல்கூட இல்லை என்று காட்டினேன். இருநூறு என்று முடிவானது.

அடுத்தது ரப்பர்க் கலவை. அதைக் கொம்பவுண்ட் என்கிறார்கள். சொவ்ற், மீடியம், ஹாட் என்று மூன்று விதம்: மெதுமை, நடுத்தரம், கடினம். லொறிக்காரன் எவனும் ஹாட்தான் எடுப்பான், கனகாலம் உழைக்கும் என்று. மகன் மீடியம் என்றான்.

"இஞ்ச வெக்கை கூட. சொவ்ற் உருகிப் போகுமெண்டு யூரியூப்பில சொல்லுறாங்கள்."

"யூரியூப் வன்னிக்கு வந்து ஓடினதோ? ஓட்டம் காலமை. ஒரு நிமிசம்கூட இல்லை. மீடியம் சூடாகி ஒட்டத் தொடங்க முதல் நீ அந்தக் கரைக்குப் போயிடுவாய். சொவ்ற் எடு."

நானா தலையை ஆட்டினார். "வாப்பா சொல்றது சரி, மகன்."

நான் நாலு ரயரையும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் பதிந்து மெல்ல மேலே வந்தது. மகன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரி அப்பா, நீங்கள் சொன்னபடி எடுப்பம்" என்றான். நானாவுக்கு முன்னால் சொன்னான். எனக்கு அது போதும்.

திரும்பி மாங்குளம் வந்து, கிழக்கே முல்லைத்தீவு வீதியில் இறங்கினோம். அந்த வீதி நெடுக மகன் என்னோடு ரயரைப் பற்றியே கதைத்தான். எவ்வளவு காற்று அடிப்பது, முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று. இரண்டு பக்கமும் காடு. ஒரு இடத்தில் யானை வேலியை இழுத்துப் போட்டிருந்தது. ஒன்றிலும் என் மனம் போகவில்லை.

ஒட்டுசுட்டானில் என் சகலன் கனகு வீட்டில் மதியச் சாப்பாடு. மனைவியின் தங்கை புருசன், அதனால் மகனுக்குச் சித்தப்பா. அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் வன்னிக்குள் புது ரயர் வராது. தேய்ந்து மொட்டையான ரயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பட்டி வெட்டுவார்கள். அந்த வேலையில் கனகுவை மிஞ்ச ஆளில்லை. என் முதல் லொறி அவர் வெட்டிய ரயரில்தான் ஓடியது.

சொவ்ற் ரயர் வெயிலில் கிடக்கக்கூடாது என்று நான் சொல்ல, மகன் நாலையும் இறக்கி முற்றத்து வேம்பின் கீழ் வைத்தான். ஆடுகள் திரிந்தன. கனகு ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார்.

"சித்தப்பா, இதுகளை ஒருக்காப் பாருங்கோ. நாங்கள் சாப்பிட்டிட்டு வாறம்" என்றான் மகன்.

"ஓம் தம்பி, அதை நான் பாக்கிறன். நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

விளைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும். இரண்டாம் தரம் சோறு போட்டபோது ரப்பர் கருகுகிற மணம் வந்தது. அந்த மணம் எனக்குத் தெரியும். கை கழுவாமல் எழும்பி ஓடினேன்.

கனகு குந்தியிருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சூட்டுக் கத்தியால் இழுத்துக்கொண்டிருந்தார். லொறி ரயரின் வளைவுப் பட்டி, நூல் பிடித்த மாதிரி.

"அண்ணை, ரெண்டு முடிஞ்சுது. என்ன சகல, உங்கட கடையில இவ்வளவு ரயர் கிடக்கப் பெடியனுக்கு மொட்டையைக் குடுத்திருக்கிறியள்? நல்ல கஞ்சன்தான் நீங்கள்!"

பந்தய ரயரில் ரப்பர் மெல்லிசு. கத்தி ரப்பருக்குள் இருக்கிற நூலைத் தொட்டிருந்தது. இரண்டும் முடிந்த கதை. மற்ற இரண்டை வைத்து ஓட முடியாது.

மகன் பின்னால் வந்து பார்த்தான். "உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினான். பெற்ற தகப்பனைப்போல ஒருவரைப் பார்த்து. அவன் சித்தி, கனகுவின் மனைவி, சோற்றுச் சட்டியோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"நீதானே தம்பி பாக்கச் சொன்னனி" என்றார் கனகு.

"பாருங்கோ எண்டா பாக்கிறதுதான்! கை வைக்கிறதோ?"

எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் மோட்டரைக் கொண்டுபோய்ப் "பாருங்கோ" என்றால், அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பானா? வைத்தியர் பார்க்கிறார், மேசன் பார்க்கிறார். ரயர் வெட்டுகிறவரிடம் மொட்டை ரயரைக் காட்டிப் பாருங்கோ என்றால் அவர் வேறு என்ன செய்வார்? பத்தொன்பது வருடத்தில் என் மகனிடம் அந்தச் சொல்லின் பாதிதான் மிஞ்சியிருந்தது. அதை அவனுக்குச் சொன்னேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "உங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் அப்பா. கார் வித்தவங்கள் ரயரைக் கொழும்பிலயே எடுங்கோ எண்டு சொன்னவங்கள். நான்தான் உங்களிட்டக் கேட்டனான்."

உங்கட ஆக்கள் என்றான். எங்கட என்று வரவில்லை.

சனிக்கிழமை காரில் கிடந்த பழைய வீதி ரயரிலேயே ஓடினான். ஒன்பது கார் ஓடியது. அவன் எட்டாவது. முதலாவதாக வந்த காரில் என்ன கொம்பவுண்ட் என்று போய்ப் பார்த்தேன். சொவ்ற். அளவும் நான் சொன்ன அளவு. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி அப்பா" என்றுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

ஞாயிறு திரும்பும்போது கனகு வீதியோரம் நின்று கை காட்டினார். நிறுத்தினேன். மகன் தன் பக்கக் கண்ணாடியை இறக்கவில்லை. கனகு சுற்றி என் பக்கம் வந்தார்.

"பெடியன் கோவமோ?"

"விடும்."

"மொட்டையில ஓடிச் சறுக்கினா என்னண்ணை செய்யிறது? அவனுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டுதானே வெட்டினனான்."

சறுக்காத ரயர் அதுதான் என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அவர் வெட்டிய ரயரில் நான் ஒரு காலத்தில் சறுக்காமல் ஓடியிருக்கிறேன்.

மாங்குளம் சந்தியில் திரும்பும்போது மகன் சொன்னான்: "அடுத்த முறை கொழும்பிலயே ஆரிட்டயும் கேட்டு எடுப்பன்."

"கேள்" என்றேன்.

பின்னேரம் நாலு மணிக்குக் கடைக்கு வந்து சேர்ந்தோம். என் வேலையாட்கள் காரை இறக்கப் பலகை வைத்தார்கள். அந்தக் கடையில் பலகை வைப்பது, கயிறு அவிழ்ப்பது எல்லாம் இன்றைக்கும் என் கை படாமல் நடக்காது. மகன் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குள் போகும்போது திரும்பாமலே சொன்னான்:

"அப்பா, காரை ஒருக்காப் பாருங்கோ."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.