எக்ஸ்பிரஸ் பார்க்காத சாலை

சரக்கு லாரி ஓட்டிய அவரைச் சக ஓட்டுநர்கள் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியை எடுத்தால் சரக்கு இறக்கும் இடத்தில்தான் நிறுத்துவார். பழைய வணிகப் பாதையை ஒட்டிப் போட்ட நெடுஞ்சாலையில்தான் காலமெல்லாம் ஓடினார். அந்தப் பாதையின் கோட்டைகளையும் கிடங்குகளையும் பார்க்க வருகிறவர்களுக்காக வழிநெடுக ஆறு பார்வையாளர் மையங்கள் இருந்தன. முதல் மையத்தின் கவுன்ட்டரில் அவர் மனைவிக்கு வேலை. வரைபடத்தை விரித்து, அடுத்த மையத்துக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். மற்ற ஐந்தையும் அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

“ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்” என்பாள்.

“தினம் நாயா ஓடுற ரோடு. லீவுலயும் அங்கேயேவா? ரிடையர் ஆனதும் பாத்துக்கலாம். எங்க ஓடிடப் போகுது?”

மையங்கள் எங்கும் ஓடவில்லை. மனைவியின் பார்வைதான் போனது. கண்ணில் நீரழுத்த நோய்; பார்வை ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது. போனது திரும்பாது என்று மருத்துவர் சொன்னபோது வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சியிருந்தன. வேலையை விட்டுவிட்டாள்.

அவர் அண்ணன் மகனிடம் காரை இரவல் வாங்கி வந்தார்.

“கிளம்பு. எல்லாத்தையும் பாத்துட்டு வந்துரலாம்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் வெளியே போகும்போது போடும் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது மையமே அகப்படவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பழைய பாதையில் இருந்தது. பாலத்தைத் தாண்டிப் போவதும் திரும்புவதுமாக அலைந்தார்.

“தண்ணித் தொட்டி வந்துச்சா?” என்று கேட்டாள்.

“எந்தத் தண்ணித் தொட்டி?”

“பாலம் இறங்கினதும் வலப்பக்கம். அதை ஒட்டித்தாங்க திரும்பணும். எத்தனை பேருக்கு வழி சொல்லியிருக்கேன்!”

தொட்டி மலை மாதிரி நின்றிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் கண்ணில் பட்டதில்லை.

மையத்துக்குள் சுவர் முழுக்க ஓர் ஓவியம்.

“என்ன இருக்கு, சொல்லுங்க.”

“படம். பெரிய படம். வண்டி போகுது. மாடு இருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம்... அவ்வளவுதான்.”



மூன்றாவது மையத்தில் மனைவி வணக்கம் சொன்னதுமே கவுன்ட்டரிலிருந்த பெண் ஓடி வந்தாள்.

“அக்கா! நீங்களா? குரல வெச்சே கண்டுபிடிச்சிட்டேன்!”

‘ஆள் அனுப்பியிருக்கேன்’ என்று இருவரும் தினமும் போனில் பேசிக்கொண்டவர்கள். நேரில் சந்திப்பது இதுதான் முதல் முறை. மனைவி அந்தப் பெண்ணின் முகத்தை இரு கைகளாலும் தடவிப் பார்த்தாள்.

“நீ ஒல்லியா இருப்பேன்னு நெனச்சேன்டி!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே நிற்க முடியாமல் அவர் வாசலுக்கு வந்துவிட்டார். நாலு மணி நேரப் பயணம் கூட இல்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் வந்திருக்கலாம்.

“போதுங்க, வீட்டுக்குப் போலாம்” என்றபடி வந்தாள் மனைவி.

“இன்னும் மூணு இருக்கே?”

“கால் வலிக்குது.”

அவர் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலை தேநீர் கொண்டுபோனபோது, அவள் அந்தப் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டாவது மையத்துல ஓவியம் இருக்கே, மாட்டுக் கழுத்து மணியிலேர்ந்து வண்டிக்காரன் மீசை வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னாருடி. நேர்ல பாத்த மாதிரியே இருந்துச்சு.”

அவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். அந்த மாட்டின் கழுத்தில் மணி இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.