முனி முடக்கில் மூன்று கீறல்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில், ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே ரோடு வளைகிற ஒரு முடக்கு இருக்கிறது. தேயிலைக்கு நடுவில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு கல், கல்லுக்கு முன்னால் துருப்பிடித்த சூலம். முனியாண்டி சாமி. அந்த முடக்கில் வண்டி திருப்புகிறவர்கள் எல்லாரும் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார்கள். வட்டகொடைக்குப் போகிற ஆட்டோ, கொழுந்து லொறி, தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப், ஒன்றும் தப்பாது. அது சாமிக்குப் போடும் கும்பிடு. அதனாலேயே அங்கே நடந்து போகிறவர்கள் ஹோர்ன் சத்தத்துக்கு ஒதுங்குவதில்லை, திரும்பியும் பார்ப்பதில்லை. மற்ற முடக்குகளில் துள்ளி ஒதுங்குகிற சனம் இங்கே மட்டும் தன்பாட்டில் நடக்கும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த நானும் அப்படித்தான் நடந்திருக்கிறேன். கார் வாங்கிய பிறகு அது எனக்கு மறந்துபோயிற்று.

அன்று நான் படிப்பிக்கும் பாடசாலையில் மாலை வகுப்பு முடித்துவிட்டு வந்தேன். பனிமூட்டம் போனட்டுக்கு முன்னால் சுவர் கட்டியிருந்தது. முடக்கில் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துத் திருப்பினேன். இடது பக்கத்தில் கர்ரென்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம், ஏதோ பொத்தென்று விழுந்த மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. மேட்டில் காய்ந்த கிளை உரசியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சாமி கும்பிட்ட இடத்தில், பொழுதுபடுகிற நேரத்தில் நிற்கக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் சாக்கு. எனக்குப் பயம். அதனால் நிற்கவில்லை.

காலையில் பின் கதவில் மூன்று கீறல்கள். பக்கத்தில் பக்கத்தில், கோடு போட்ட கொப்பி மாதிரி. எங்கள் லயத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவன் நான். பழைய ஜப்பான் கார்தான், ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவுவேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோட்டத்து ரோட்டைத் திட்டினேன், ரோட்டைச் செப்பனிடாதவர்களைத் திட்டினேன். கழுவும்போது கதவுப் பிடியின் விளிம்பில் ஒரு நூல் சிக்கியிருந்ததைக் கண்டேன். சிவப்புக் கம்பளி நூல், விரல் நீளம் இருக்கும். திட்டுவதை நிறுத்தினேன். காய்ந்த கிளை ஸ்வெட்டர் போடுவதில்லை.

அந்த நூலைப் பக்குவமாக எடுத்தேன். அடுப்படிக்குப் போய் நெருப்பில் போட்டேன். சுருண்டு கருகியது. மயிர் கருகும் வாசம் வந்தது. மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்ன வாசம் என்று கேட்டாள். குப்பை என்றேன்.

டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டி, என் வண்டியின் நிறத்துக்குச் சரியான பெயின்ட் கேட்டேன். மேட்டில் உரசிவிட்டது என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது மண்மேட்டுல பட்டதில்ல சேர். மூணு கோடும் நேரா ஈக்கிது. யாரோ தூக்கிட்டுப் போன விறகு மாதிரி ஏதாச்சும் பட்டீக்கும்."

"பெயின்ட் இருக்கா இல்லையா நானா?" என்றேன். குரல் எனக்கே தடித்துக் கேட்டது. அவர் கலந்து கொடுத்தார். சின்ன போத்தலில் பெயின்ட், மேலே பூசக் கிளியர், தேய்க்க நாலு தாள் வாட்டர் பேப்பர். "பனி நேரத்துல மட்டும் பூசாதீங்க சேர், வெள்ள பூத்துரும்" என்றார்.

சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினேன். கீறலைச் சுற்றி டேப் ஒட்டி, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். தீக்குச்சியைச் சீவி, அதன் நுனியால் பெயின்டை ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இறக்கினேன். கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய கை, கோடு தப்பவில்லை. காய்ந்ததும் கிளியர் பூசினேன். நுவரெலியாப் பக்கத்தில் வெயில் என்று நாம் சொல்வது எவ்வளவு நேரம் நிற்கும்? மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. கண் முன்னாலேயே மூன்று கோடுகளும் பாலாக வெளுத்தன. ஈரக் காற்றில் கிளியர் அப்படித்தான் வெளுக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த முடக்குப் பனிதான் கதவில் வந்து குந்திக்கொண்டது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை தேய்த்தெடுத்து மறுபடி பூசினேன். மறுபடி வெளுத்தது. அடுத்த வாரம் படங்கு கட்டிக் கூடாரம் போட்டு, உள்ளே கரிச்சட்டி வைத்துக் காய வைத்தேன். நடுவில் கண்ணை மூடினால் பொத்தென்ற அந்தச் சத்தம் கேட்கும். மூன்றாம் தடவை கோடுகள் மறைந்தன. நான் பொலிஷ் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி படங்கை விலக்கிப் பார்த்தாள்.

"கீழ் டிவிசன்ல ஒரு அக்காவ ஏதோ வண்டி தட்டிருச்சாங்க. கையில அடியாம். ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காங்க. இப்ப முனி முடக்குல நின்னு போற வர்ற வண்டியெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாங்களாம்."

துணியை வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். நான் இன்னும் அழுத்தித் துடைத்தேன். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் பூண்டுலோயாப் பக்கமாகச் சுற்றிப் போனேன். அரை மணித்தியாலம் கூடுதல். பாடசாலைக்குப் பிந்திப் போய் அதிபரிடம் பேச்சு வாங்கினேன். வகுப்பில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகளின் பக்கம் திரும்பவே கூசியது. கடைசியில் ஒரு நாள் என்மேலேயே எரிச்சல் வந்து, முனி முடக்கு வழியாகத் திரும்பினேன். ஹோர்ன் அடிக்கவில்லை. அந்த அக்கா மரத்தடியில் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கையைப் பழைய சேலைத் துண்டில் தொங்கப் போட்டிருந்தார். சிவப்பு ஸ்வெட்டர், முழங்கையில் பச்சை நூலால் தைத்திருந்தது. நிறுத்தி இறங்கினேன். போலீசுக்குச் சொல்ல என் வண்டி நம்பரைத்தான் தேடி நிற்கிறார் என்று நினைத்தேன்.

"யாரத் தேடுறீங்க அக்கா?"

"ஒரு காரு சேர். கவ்வாத்து வெட்டுன மலையில வெறகுக்கு மிளாறு பொறுக்கி இடுப்புல வச்சுட்டு வந்தேன். ஹோன் கேட்டுச்சு. சாமிக்குத்தானேன்னு நடந்தேன். வெட்டுன நொனி கர்ருன்னு யாரு காரையோ கீறிருச்சு. நான் ரோட்டோரக் கான்ல விழுந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "தொர வண்டியா இருந்தா என்னா பண்றது? எங்க வீட்டுக்காரருக்கு பங்களாவுல காவல் வேல. கேட்டு ஆள் வர்றதுக்கு முந்தி நானே கால்ல விழுந்துறலாம்னு நிக்கிறேன். எந்த வண்டியில கோடு இருக்குன்னு பாக்குறேன்."

அடிபட்டவர் மன்னிப்புக் கேட்பதற்காக, கைவலியோடு, பனியில் நின்றிருக்கிறார். அதுவும் என்னிடம் கேட்பதற்காக. அழுகை வந்தது. அப்படியே சொன்னேன்.

"அக்கா, அது நான். என் வண்டிதான். நிக்காமப் போனதும் நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சும்மா இருங்க சேர். ஒங்க வண்டிய ஸ்கூல்கிட்ட நிப்பாட்டியிருந்தப்பவே சுத்திப் பாத்துட்டேன். ஒரு கோடு இல்ல."

"வீட்டுல வச்சு நானே தேய்ச்சு பெயின்ட் அடிச்சேன்."

அவர் நல்ல கையால் பின் கதவைத் தடவினார். சரியாக அந்த இடத்தில். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. நானும் பார்த்தேன். வானமும் மரமும் அவருடைய விரல்களும் அதில் தெரிந்தன.

"வீட்டுல அடிச்சா இப்புடியா இருக்கும்? புது வண்டி மாதிரில்ல இருக்கு. நான் இந்தக் கையோட நிக்கிறதப் பாத்து மனசு கேக்காம சொல்றீங்க."

"ஒங்க ஸ்வெட்டர் நூல் என் கதவுல சிக்கியிருந்துச்சு அக்கா. முழங்கைகிட்டக் கிழிஞ்ச நூல்."

"தச்சிருக்கத இப்ப பாத்துச் சொல்றீங்க. எங்க அந்த நூலு?"

எங்கே என்று நான் எப்படிச் சொல்வேன்? எரித்துவிட்டேன் என்றேன். அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பில் வெடிப்பு. மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி நடந்தது என்று தாதி சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், வழுக்கி விழுந்துவிட்டதாக அக்காவே அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவருடைய வீட்டுக்காரர் ஒரு பை போஞ்சியோடு வந்தார். அவரிடமும் சொன்னேன். "தெரியும் சேர், சொல்லுச்சு. பழிய ஒங்க மேல போட்டுக்கப் பாத்தீங்களாமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்ட ஒப்பீசில் போய் எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதவில்லை. ஒரு சேர் இப்படியா என்று ஊர் பேசும் என்று நினைத்தேன். அந்தப் போஞ்சியை மனைவி சமைத்தாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மாவுக்கட்டு எடுத்தாயிற்று. அக்கா மறுபடி கொழுந்து பறிக்கப் போகிறார். வேலை முடிந்து வரும்போது இன்னமும் முனி முடக்கில் கொஞ்ச நேரம் நிற்கிறார். என் கார் வந்தால் நல்லாயிருக்கீங்களா சேர் என்று கையை உயர்த்துகிறார். என் கதவை அவர் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் வருகிற வண்டியைத்தான் குனிந்து பார்க்கிறார்.