டப்பாவின் பின்பக்கம் படிக்கும் கடைக்காரன்

ஜிம்முக்குப் போகிறவர்களுக்குப் பவுடர் விற்பது, ஆசைக்கும் பர்சுக்கும் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் இடி வாங்குகிற தொழில். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்படி ஒரு கடை என்னுடையது. புஜத்தைக் காட்டும் படத்தைப் பார்த்து நீங்களும் ஒரு டப்பாவாவது வாங்கி ஏமாந்திருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நான் ஏமாந்துதான் கடையே ஆரம்பித்தேன்.

மூட்டை தூக்குகிறவர்

ஏலக்காய்க் கிட்டங்கியில் லோடு ஏற்றும் முருகேசண்ணன், இருப்பதிலேயே பெரிய டப்பாவைக் காட்டி, "உடம்பு ஏறணும், அதக் கொண்டா பாய்" என்றார். திருப்பிப் படித்தேன். பாதிக்கு மேல் மாவும் சர்க்கரையும்தான். "மதியம் என்னண்ணே சாப்பிடுறீங்க?" என்றேன். ரெண்டு பரோட்டா, ஒரு டீயாம். "மொதல்ல மதியச் சோத்த முழுசா சாப்பிடுங்க, கூட முட்டை வச்சுக்கங்க. இது வேணாம்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. கூட வந்தவரிடம் திரும்பிச் சொன்னார்: "நமக்கெல்லாம் பவுடர் எதுக்குன்னு நெனைக்கிறாரு பாய். வாடா, வேற கடைக்குப் போவோம்."

மூன்றாவது வளைவு

இதில் தப்பு என்னுடையது. எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் செல்வத்துக்கு, "சும்மா சுறுசுறுப்புக்கு" என்று சொல்லி ஒரு பவுடர் விற்றேன். பின்பக்கம் படிக்கவில்லை. அவன் காலையில் ஒரு கரண்டிக்கு இரண்டாகக் கலக்கிக் குடித்துவிட்டு மலையேறியிருக்கிறான். போடிமெட்டு ரோட்டில் மூன்றாவது வளைவிலேயே கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டான்.

சாயங்காலம் அவனை இழுத்துக்கொண்டு பேச்சியம்மா வந்தார். அந்த ஜீப்பில் எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். டப்பாவை என் மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் படித்தேன்: பல டம்ளர் காபியின் வீரியம் ஒரு கரண்டியில். நான் வாய் திறக்குமுன் அவர் சொன்னார்: "அவன் நெஞ்சு வெரசா ஓடுறது அவன் சோலி அப்பு. பின்னாடி நாங்க பதினோரு பேரு உக்காந்திருக்கோம்."

போர்டு

மறுநாள் அலமாரி முழுவதையும் இறக்கிப் படித்தேன். கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை, எது எவ்வளவு என்று சொல்லாமல் 'கலவை' என்று மட்டும் போட்ட டப்பா எல்லாம் வெளியே. "இவை இங்கே கிடையாது" என்று வாசலில் பட்டியலே எழுதி மாட்டினேன்.

கமிஷனுக்கு ஆள் அனுப்பும் ஜிம் மாஸ்டர் கொதித்துப்போய் வந்தார். "இனி ஒருத்தனையும் அனுப்ப மாட்டேன்" என்றார். "அனுப்பாதீங்க மாஸ்டர், போர்டு இறங்காது" என்றேன். படியிறங்கும்போது சொன்னார்: "கடையப் பூட்டுறதுக்கு எதுக்கு மாப்ளே போர்டு? சாவி போதுமே!"

சிலமலைப் பெண்

போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் கவிதா, சிலமலையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். "வேணாங்கிறத வாசல்லயே படிச்சுட்டேன். வேணுங்கிறத சொல்லுங்கண்ணே" என்றாள். முட்டைகூடத் தொடாத வீடு. பருப்பு, சுண்டல், நிலக்கடலை, பால் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியும் போதாத நாளுக்கென்று, வேறெதுவும் கலக்காத பால்புரதப் பவுடர் ஒன்று, சின்ன டப்பா. அது ஒன்றைத்தான் காசுக்குத் தகும் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன்.

தேறிவிட்டாள். சேதி தெரிந்து, அந்தப் பவுடர் கம்பெனியின் ஏஜெண்டு ஓடிவந்தார். டப்பாவைக் கையில் பிடித்து ஒரு போட்டோ கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். கவிதா டப்பாவை வாங்கி, திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்: "ஓடுனது நான். போட்டோ வேணும்னா டப்பாவ ஓடச் சொல்லுங்க."

ஊரார் உடம்பை ஏற்ற உட்கார்ந்து என் வியாபாரம்தான் இளைத்தது என்றாலும், இளைத்தது நிமிர்ந்துதான் நிற்கிறது.