ஒட்டுப்போட்ட வலது இறக்கை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அடம். முதுகுக்குப் பின்னால் எல்லாம் இல்லை, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் என்ன என்று திரும்பிப் பார்ப்பாள். கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் படம் வரைபவள் அவள். விளையாட்டில் வருகிற வீடு, வண்டி, ஆயுதம் எதுவானாலும் முதலில் ஒருவர் திரையில் வரைந்து காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் உருவம் கொடுப்பார்கள். சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவள் தலையில் விழுந்ததெல்லாம் பீப்பாய், மரப்பெட்டி, உடைந்த நாற்காலி. கதாநாயகன் போகிற போக்கில் எட்டி உதைத்துவிட்டுப் போகிற சாமான்கள்.

அதனால் போர் விமானம் அவள் கைக்கு வந்தபோது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. வரைய வேண்டியவருக்கு முதுகுப் பிடிப்பு, வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் எங்குமே பறக்காத விமானம். ஆனால் தாத்தா காலத்தில் பறந்திருக்குமோ என்று பார்க்கிறவர் சந்தேகப்பட வேண்டும். அடம் ஆசை தீர வரைந்தாள். காற்றாடி சுழலும் மூக்கைக் கொஞ்சம் தடியாக வைத்தாள். தகரத்தில் வரிசை வரிசையாக ஆணிகளை அடித்தாள். புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படியவிட்டாள். விமானி கால் வைத்து ஏறுகிற இடத்தில் மட்டும் பச்சைப் பெயிண்டைத் தேய்த்து உலோகம் தெரிய வைத்தாள்.

பாதி வரைந்தால் மறுபாதி தானாக வந்துவிடுகிற வசதி படம் வரைகிற மென்பொருளில் உண்டு. விமானம் வரைகிற எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டுதான் வரைவார்கள். அவளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். நடுவில் என்ன தோன்றியதோ, அதை அணைத்துவிட்டு வலது இறக்கையை மொத்தமாக அழித்தாள். அந்த இடத்தில் வேறொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டியதுபோல, செங்கல் நிறத்தில், கொஞ்சம் நீளம் குறைவாக ஓர் இறக்கை வரைந்தாள். அதன்மேல் அந்த வேறு விமானத்தின் எண்கூட அப்படியே இருந்தது. அடிபட்டுத் திரும்பி, கிடைத்ததை மாட்டிக்கொண்டு, மறுபடி கிளம்பிப் போன விமானம். வரைந்து முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் இதுதான் என்னுடையது என்று அவளுக்குப் பட்டது.

படப் பிரிவுத் தலைவருக்கு இன்னுங்கொஞ்சம் என்று பெயர். இன்னும் கொஞ்சம் கூராக, இன்னும் கொஞ்சம் கோபமாக என்று சொல்லாமல் அவர் ஒரு படத்தையும் விட்டதில்லை. விமானத்தைப் பார்த்து அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். பிறகு விரல் நேராக வலது இறக்கைக்குப் போனது.

“இன்னும் கொஞ்சம் ஒழுங்கா இருக்கலாமேம்மா. இடது பக்கத்தையே இந்தப் பக்கமும் போட்டுருங்க.”

மனுஷர் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் பேசிப் பார்த்திருப்பாள். சின்ன வயதில் ஒரு வண்டி மோதியதில் அவளுக்கு வலது கால் கொஞ்சம் குட்டை. ஒழுங்காக நட, ஒழுங்காக நில் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். அவள் கல்யாணத்தில் எல்லாரும் நின்று படம் எடுத்தபோது, புகைப்படக்காரர் அவளுக்கு மட்டும் நாற்காலி போட்டார். அதை ஓரமாக நகர்த்திவிட்டு நின்றாள். ஒரு தோள் சாய்ந்திருக்கிற அந்தப் படத்தைப் பெரிதாக்கி, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி முன்னறையில் மாட்டியிருக்கிறாள்.

இறக்கையை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் கத்தவில்லை. படத்தை வாங்கி, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்தார். அவள் ஒரே தட்டில் இடது பாதியைப் புரட்டி வலது பக்கம் ஒட்டினாள். வேலை முடிந்தது.

வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், சம்பளம் வருதுல்ல, விட்டுத்தள்ளு, பீப்பாய் வரையும்போது நிம்மதியா இருந்தியே என்று. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. உதைபடுகிற சாமானுக்கு மட்டும்தான் நான் லாயக்கா என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

விளையாட்டில் பணம் போடப் போகிறவர்கள் பார்வையிட வருகிற நாள். வரவேற்புக் கூடத்துச் சுவர்த்திரை முழுக்க விமானம், மேலிருந்து பார்க்கிற மாதிரி. கார் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான் புதுப்பெண் அதைப் பார்த்து முகம் வெளுத்தாள். இடது இறக்கையில் எண் சரியாக இருந்தது. வலது இறக்கையில் அதே எண் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் கிடந்தது. போதாக்குறைக்கு லேயர் என்று தனித்தனி அடுக்காக இருந்த படத்தை ஒன்றாக்கிச் சேமித்திருந்தாள். எண்ணைத் தனியாகப் பிடித்துத் தூக்க வழியில்லை. பிரித்து வைத்த படம் அடத்திடம் மட்டுமே இருந்தது.

இன்னுங்கொஞ்சம் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார். நம்பரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடும்மா என்றார்.

“இறக்கையோடதான் சார் மாறும். என் படம் அப்படியே போகும். இல்லன்னா இதையே காட்டுங்க.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. நான் செய்ய மாட்டேன்.”

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள். அவர் வாசலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னவோ செய்து தொலை என்பதுபோலக் கையை உதறினார்.

வந்தவர்களில் தலை நரைத்த ஒரு பெரியம்மா திரைக்கு முன்னால் நின்றுவிட்டார். செங்கல் நிற இறக்கையைக் காட்டி, இது யாருக்குத் தோன்றியது என்று கேட்டார். இன்னுங்கொஞ்சம் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. எங்கள் குழு யோசித்து வேண்டுமென்றே வைத்தது என்று சிரித்த முகமாகச் சொன்னார்.

அடம் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். பேசாமல் இருந்திருந்தால் விமானமும் ஜெயித்திருக்கும், வேலையும் தப்பித்திருக்கும். அவள் முன்னால் நடந்தாள். பளிங்குத் தரையில் ஓர் அடி பலமாகவும் ஓர் அடி மெதுவாகவும் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

“இன்னும் கொஞ்சம் சரியா சொல்லணும் சார். ஒழுங்கா இல்லன்னு நீங்க எடுக்கச் சொன்ன இறக்கை அது. வச்சது நான்.”

புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பெரியம்மா அடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னுங்கொஞ்சம் அடுத்த அறையைக் காட்டப் போய்விட்டார்.

வேலை போகவில்லை. வலது இறக்கையும் அப்படியே நின்றது. பெரியம்மாவுக்குப் பிடித்ததை எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும். ஆனால் மறுநாள் காலை அவள் மேசைக்கு வந்த வேலை, ஒரு கிடங்கு நிறையப் பீப்பாய்கள். தண்டனைதான் என்று அவளுக்கும் தெரியும், அனுப்பியவருக்கும் தெரியும்.

உட்கார்ந்து வரைந்து, சாயங்காலமே அனுப்பிவைத்தாள். அதில் ஒரு பீப்பாய்கூட நேராக நிற்கவில்லை.